வாஞ்சிநாதனின் பிஸ்டல் முதல் வாத்து சுடும் ஷாட்கன் வரை: யார் இந்த ஜான் பிரௌனிங்?

புதுச்சேரியையும் துப்பாக்கியையும் சேர்த்துச் சொன்னால் உடனே நினைவுக்கு வரும் பெயர் வ.வே.சு. ஐயர். லண்டன் போலீஸுக்குத் தண்ணி காட்டிவிட்டு 1910-ல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். அப்போது இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. பிரிட்டிஷ் போலீஸ் உள்ளே வந்து கைது செய்ய முடியாது. பாரதியும் அரவிந்தரும் தஞ்சமடைந்திருந்த அதே ஊரில், வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி கொடுத்தார் ஐயர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சியும் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார்.

இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. வாஞ்சியின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் ஆட்டோமேட்டிக் பிஸ்டல். பிரௌனிங் என்பது வெறும் பிராண்ட் பெயர்தானே என்று தோணலாம். இல்லை, அது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்காவின் ஒரு சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்த ஜான் மோசஸ் பிரௌனிங்.

பிஸ்டலும் மெஷின் கன்னும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. ஆனால் அவரை ரொம்பவே கஷ்டப்படுத்திய, வாழ்க்கையின் திசையையே மாற்றிய வேலை வேறு. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும், தோளைப் பதம் பார்க்காத ஒரு வேட்டைத் துப்பாக்கி. இன்று உலகம் முழுக்க ரீகாயில் குறைந்த செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் தேடுபவர்கள் எல்லோரும் இவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

பட்டறையில் பிறந்த பையன்

1855 ஜனவரி 23 அன்று யூட்டா மாகாணத்தின் ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார் ஜான். அப்பா ஜொனாத்தன் பிரௌனிங் துப்பாக்கி செய்பவர், மார்மன் மதத்தைச் சேர்ந்தவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். பட்டறைதான் ஜானுக்கு விளையாட்டு மைதானம். சுமார் 10 வயதில், பட்டறையில் கிடந்த ஒரு பழைய குழலை மரக்கட்டையோடு கம்பியால் கட்டி, தம்பி மேத்யூவோடு வேட்டைக்குக் கிளம்பினார். பறவைகளோடுதான் வீடு திரும்பினார்கள். பொறியியல் படிப்பெல்லாம் கிடையாது. கடைசிவரை முழு வரைபடம் போட்டு வேலை செய்யும் பழக்கமும் அவருக்கு வரவில்லை. தகட்டை வெட்டி, அசைத்துப் பார்த்து, திருத்தி, மறுபடியும் வெட்டுவார். அதுதான் அவருடைய முறை.

1879 அவருக்கு முக்கியமான வருஷம். அந்த ஆண்டில்தான் கல்யாணம் ஆனது, அப்பா இறந்தார், முதல் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போடும் ரைஃபிள் அது. தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ஆக்டனிலேயே தயாரித்து விற்க ஆரம்பித்தார்.

வின்செஸ்டர் வாங்கியது எதற்கு?

1883-ல் அந்த ரைஃபிளில் ஒன்று வின்செஸ்டர் நிறுவனத்தின் கண்ணில் பட்டது. அமெரிக்காவின் பெரிய துப்பாக்கி நிறுவனங்களில் ஒன்று அது. அதன் நிர்வாகி டி.ஜி. பென்னட் நேராக ரயில் ஏறி ஆக்டன் வந்து, 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த 19 வருஷம் இந்தக் கூட்டணி ஓடியது. லீவர் ரைஃபிள்கள், பம்ப் ஷாட்கன் என்று வின்செஸ்டருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மாடல்களில் பலவும் ஆக்டன் பட்டறையில் பிறந்தவை. ஒவ்வொரு தடவையும் ஒரே டீல்தான்: ஒரு தொகை, மொத்த உரிமையும் கம்பெனிக்கு. எத்தனை விற்றாலும் வடிவமைத்தவருக்கு மேற்கொண்டு ஒரு பைசா கிடையாது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. வின்செஸ்டர் அவரிடம் வாங்கிய வடிவமைப்புகள் 40-க்கும் மேல். அதில் பெரும்பாலானவை தயாரிப்புக்கே போகவில்லை. போட்டிக் கம்பெனி கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பணம் வந்தது, வேலை வெளிச்சத்துக்கு வரவில்லை. இன்றைக்கு ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இந்த நிலைமை புதிதாகத் தெரியாது.

நாணல் அசைந்தது ஏன்?

பிரௌனிங் வெறும் பட்டறைக்காரர் இல்லை, நல்ல ஷூட்டரும்கூட. தம்பி மேத்யூவும் இன்னும் இரண்டு நண்பர்களும் சேர்ந்த நால்வர் அணி, யூட்டா பக்கம் ட்ராப் போட்டிகளில் கலக்கிக்கொண்டிருந்தது. நான்கு பேரின் குடும்பப் பெயரும் ஆங்கிலத்தில் பி எழுத்தில் தொடங்கியதால், அணிக்கே நான்கு பி-க்கள் என்று பேர் வந்தது.

1889-ல் ஆக்டன் அருகே ஒரு சதுப்பு நிலத்தில் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. ஒருவர் சுட்டபோது, குழலின் வாய்க்கு முன்னால் இருந்த நாணல் விலகிச் சாய்ந்ததைப் பிரௌனிங் கவனித்தார். குண்டோடு சேர்ந்து வெளியேறிய வாயுவின் வேலை அது. எல்லோரும் தினமும் பார்த்த காட்சிதான். அவருக்கு மட்டும் அது வீணாகும் சக்தியாகத் தெரிந்தது. அந்த வாயுவைப் பிடித்து, துப்பாக்கியையே இயக்க வைத்தால் என்ன?

பட்டறைக்குத் திரும்பியதும் ஒரு ரைஃபிளின் வாய்க்கு முன்னால் ஓட்டை போட்ட தகடு ஒன்றைப் பொருத்தி, அதை லீவரோடு இணைத்துச் சோதித்தார். வேலை செய்தது. கோல்ட் நிறுவனம் 1895-ல் கொண்டுவந்த மெஷின் கன் அந்த யோசனையில் பிறந்ததுதான்.

ரீகாயில்: கொஞ்சம் ஸ்கூல் பிசிக்ஸ்

இங்கே ஒரு நிமிஷம் நின்று ரீகாயில் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். தமிழில் பின்னுதைப்பு. நியூட்டனின் மூன்றாம் விதிதான். தோட்டாவில் இருப்பது முன்னால் பாயும்போது, துப்பாக்கி பின்னால் தள்ளப்படும்.

ஷாட்கன் தோட்டாவில் ஒற்றைக் குண்டு இருக்காது. நம்ம ஊரில் பால்ரஸ் என்று சொல்வோமே, அந்த மாதிரி சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பறக்கும் பறவையையோ களிமண் தட்டையோ ஒற்றைக் குண்டால் அடிப்பது கஷ்டம் என்பதால் இந்த ஏற்பாடு. 28 கிராம் ஈயம் வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், மூன்றரை கிலோ துப்பாக்கி வினாடிக்கு 3 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் தோளை நோக்கி வரும்.

ஒரு தடவை என்றால் தாங்கிக்கொள்ளலாம். நாள் முழுக்க நூறு தடவை என்றால் தோள் கன்றிப்போகும். அதைவிட மோசம், மனசு பழகிவிடும். விசையை இழுக்கும் முன்பே உடம்பு பயந்து சுருங்கும், கண் மூடும், குறி தவறும். ரீகாயில் குறைய வேண்டும் என்று ஷூட்டர்கள் ஆசைப்படுவது சொகுசுக்காக மட்டும் இல்லை. குறி தப்பாமல் இருக்கவும்தான்.

பின்னுதைப்பின் மொத்த அளவை மாயமாக்க முடியாது. ஆனால் நேரத்தை நீட்ட முடியும். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறோம் இல்லையா? அதே தத்துவம்தான்.

ஆட்டோ-5: இரண்டு வளையங்களின் கதை

1898 வாக்கில் பிரௌனிங் தானியங்கி ஷாட்கன் வேலையில் இறங்கினார். அவர் செய்தது இதுதான். சுட்டதும் குழலும், அதன் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் போல்ட்டும் பூட்டியபடியே சேர்ந்து பின்னால் ஓடும். ஒரு முழுத் தோட்டாவின் நீளத்தைவிட அதிக தூரம். பிறகு போல்ட் பின்னாலேயே நிற்க, குழல் மட்டும் ஸ்பிரிங் தள்ளி முன்னால் போகும். அந்த இடைவெளியில் காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது மேலே ஏறும், போல்ட் முன்னால் வந்து அதை உள்ளே தள்ளிப் பூட்டும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். தோளை இடித்துவிட்டு வீணாய்ப் போகும் விசையிடமே வேலை வாங்கிவிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். ரைஃபிள் தோட்டா போல ஷாட்கன் தோட்டா ஒரே அளவாக இருக்காது. காடைக்கு லேசான தோட்டா, பெரிய வாத்துக்குக் கனமான தோட்டா. ஸ்பிரிங்கைக் கடினமாக வைத்தால் லேசான தோட்டாவுக்குத் துப்பாக்கி இயங்காது. தளர்வாக வைத்தால் கனமான தோட்டா போடும்போது பாகங்கள் பின்னால் வந்து மோதும்.

இதற்குப் பிரௌனிங் கண்டுபிடித்த தீர்வு, தோட்டாக்கள் இருக்கும் குழாயின் மேல் மாட்டும் உராய்வு வளையங்கள். குழல் பின்னால் வரும்போது வளையம் குழாயை இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். கிட்டத்தட்ட சைக்கிள் பிரேக் மாதிரி. கனமான தோட்டாவுக்கு வளையங்களை ஒரு வரிசையில் மாட்ட வேண்டும், லேசான தோட்டாவுக்கு வேறு வரிசையில். டூல்ஸ் எதுவும் தேவையில்லை, கையாலேயே மாற்றலாம். மாற்ற மறந்துவிட்டுக் கனமான தோட்டாவைச் சுட்டால் தோளும் வலிக்கும், முன்கட்டையும் விரிசல் விடும்.

1900-ல் காப்புரிமை கிடைத்தது. ஐந்து தோட்டா கொள்ளும் என்பதால் பின்னாளில் ஆட்டோ-5 என்று பேர் வந்தது. தன் வடிவமைப்புகளிலேயே அவரை அதிகம் படுத்தியது இதுதான்.

இந்த முறை விற்க மாட்டேன்

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வழக்கம்போல வின்செஸ்டருக்குப் போனார். ஆனால் இம்முறை கேட்டது வேறு. மொத்தமாக உரிமை தர முடியாது, விற்கும் ஒவ்வொன்றுக்கும் ராயல்டி வேண்டும். பென்னட் ஒப்புக்கொள்ளவில்லை. புதுத் துப்பாக்கி விற்குமா என்ற சந்தேகம் ஒருபக்கம், விற்றால் தங்கள் பழைய மாடல்கள் அடிவாங்குமே என்ற பயம் இன்னொருபக்கம். ஒருவருக்குக் கொடுத்தால் ராயல்டியே வழக்கமாகிவிடும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. 19 வருஷ உறவு முறிந்தது.

அடுத்து ரெமிங்டன். அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைச் சந்திக்க 1902 ஜனவரி 8 அன்று அலுவலகத்தில் காத்திருந்தார் பிரௌனிங். அப்போதுதான் செய்தி வந்தது: ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துவிட்டார்.

எல்லாக் கதவும் சாத்தியது போல இருந்த நேரத்தில், 47 வயதில் பெல்ஜியத்துக்குக் கப்பல் ஏறினார். லியேஜ் நகருக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டால் என்ற ஊரில் இருந்தது எஃப்.என். நிறுவனம். விரித்துச் சொன்னால் ஃபாப்ரிக் நாசியோனால், பிரெஞ்சில் தேசியத் தொழிற்சாலை என்று அர்த்தம். பிரௌனிங் வடிவமைத்த பிஸ்டலை அவர்கள் ஏற்கெனவே தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ராயல்டி நிபந்தனையோடு ஷாட்கனையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிந்த கையோடு, அமெரிக்காவில் விற்பதற்காக 10,000 துப்பாக்கிகளைப் பிரௌனிங்கே ஆர்டர் செய்தார். தன் வேலைமேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. இறக்குமதி வரி அதிகமானதால், அமெரிக்காவில் தயாரிக்கும் உரிமை ரெமிங்டனுக்குப் போனது. 1905 முதல் அவர்கள் மட்டும் 8 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆட்டோ-5 தயாரிப்பு 1998 வரை ஓடியது. 1948-ல் தொடங்கிய மலேயா அவசரநிலைக் காலத்தில் பிரிட்டிஷ் படைகள் காடுகளுக்குள் கொண்டுபோனதும் இதே வாத்து சுடும் துப்பாக்கியைத்தான்.

ஹெர்ஸ்டாலில் இருந்து மணியாச்சிக்கு

அதே ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் செய்த பிஸ்டல்கள் வேறு திசையில் பயணம் செய்தன. சின்னதாக இருந்தன, சட்டைக்குள் மறைத்துக்கொள்ள முடிந்தது, அடுத்தடுத்துச் சுட முடிந்தது. சுட்ட வேகத்தின் எதிர்விசையே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். 1909 டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டது பிரௌனிங் பிஸ்டலால். 1911-ல் மணியாச்சி. 1914 ஜூனில் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டைக் கொன்று முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்தியதும் எஃப்.என். தயாரித்த பிரௌனிங் பிஸ்டல்தான்.

அதே 1914-ன் தொடக்கத்தில்தான், 10 லட்சம் பிஸ்டல்கள் தயாரானதைக் கொண்டாடி பெல்ஜிய அரசு பிரௌனிங்குக்கு விருது கொடுத்து கௌரவித்திருந்தது. சில மாதங்களில் அந்த நாடே ஜெர்மனியின் ஆக்கிரமிப்புக்குள் போனது.

1917-ல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. ராணுவத்துக்காகத் தன் மெஷின் கன் உள்ளிட்ட ஆயுதங்களின் உரிமையை 7,50,000 டாலருக்குக் கொடுத்தார் பிரௌனிங். ராயல்டி கணக்குப் போட்டிருந்தால் அதைப்போலப் பல மடங்கு வந்திருக்கும். ராயல்டிக்காக வின்செஸ்டரையே உதறியவர், இங்கே பேரம் பேசவில்லை. அவருடைய மகன் வால், அப்பா வடிவமைத்த தானியங்கி ரைஃபிளோடு பிரான்ஸ் போர்முனைக்குப் போனார்.

வீணாகும் விசையை எங்கே திருப்ப வேண்டும் என்று பிரௌனிங்குக்குத் தெரிந்திருந்தது. விற்ற பிறகு துப்பாக்கி எந்தத் திசையில் திரும்பும் என்பது அவர் கையில் இல்லை. ஒரே தொழிற்சாலை வாசலில் இருந்து, ஒன்று வேட்டைக்காரரின் தோளுக்குப் போனது, இன்னொன்று புரட்சிக்காரரின் சட்டைக்குள் போனது.

கடைசி வேலை

1926 நவம்பர் 26. ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில், மகன் வாலின் அலுவலக அறையில் மாரடைப்பு வந்து இறந்தார் பிரௌனிங். வயது 71. பெயரில் 128 காப்புரிமைகள்.

பாதியில் நின்ற வேலைகள் இரண்டு. ஒன்று, 9 எம்.எம். பிஸ்டல். அதை எஃப்.என். பொறியாளர் டியூடோனே செவ் முடித்து 1935-ல் கொண்டுவந்தார். அதன் இந்தியப் பதிப்பு மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாராகி நம் ராணுவத்துக்கு வந்தது. இன்னொன்று, ஒரு குழலின் மேல் இன்னொரு குழல் அமைந்த சூப்பர்போஸ்டு ஷாட்கன். மகன் வால் அதை முடித்து 1931-ல் சந்தைக்குக் கொண்டுபோனார். இந்த அமைப்பு அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்ததுதான், ஆனால் பணக்காரர்களால் மட்டுமே வாங்க முடிந்தது. அதைப் பரவலாக்கியது சூப்பர்போஸ்டு.

இன்று ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால்?

ரீகாயில் குறைந்த ஷாட்கன் தேடுபவர் கவனிக்க வேண்டியவை ஐந்து:

* இயங்கும் முறை: வாயுவால் இயங்கும் செமி ஆட்டோமேட்டிக்தான் தோளுக்கு மென்மையானது. நாணலைப் பார்த்துப் பிரௌனிங் பிடித்த அதே யோசனை. 1963-ல் வந்த ரெமிங்டன் 1100 இதைப் பிரபலமாக்கியது. கரி படிவதால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். பெனெல்லி போன்ற நிறுவனங்களின் இனர்ஷியா வகை எடை குறைவு, அழுக்கும் குறைவு. ஆனால் உதைப்பு சற்றுக் கூடுதல்.
* எடை: கனமான துப்பாக்கி குறைவாக உதைக்கும். களிமண் தட்டுப் போட்டிக்கு அது நல்லது. நாள் முழுக்கக் காட்டில் தூக்கி நடப்பவருக்குச் சுமை.
* தோட்டா: துப்பாக்கியை மாற்றாமலே உதைப்பைக் குறைக்க எளிய வழி, லேசான தோட்டா. ஒலிம்பிக் ட்ராப், ஸ்கீட் போட்டிகளில் 24 கிராம் ஈயம்தான்.
* கட்டையின் அளவு: பின்கட்டை உங்கள் கை நீளத்துக்குப் பொருந்தவில்லை என்றால், எவ்வளவு விலை உயர்ந்த துப்பாக்கியும் கன்னத்தில் இடிக்கும்.
* எதற்காக?: ஒலிம்பிக் ட்ராப்பில் தகுதிச் சுற்றுக்கே 125 தட்டுகள். அங்கே பெரும்பாலான வீரர்கள் கையில் இருப்பது மேல்-கீழ் இரட்டைக்குழல். காலித் தோட்டா பக்கத்தில் நிற்பவர்மேல் பறக்காது, துப்பாக்கியைத் திறந்து வைத்தால் பாதுகாப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

நம்ம ஊரில் இது சாத்தியமா?

வேட்டைக்கு என்றால், இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. புதுச்சேரி ஊசுடேரி பறவைகள் சரணாலயம், அங்கே வாத்து சுட்டால் சிறைதான். துப்பாக்கி வாங்க 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. போட்டி வீரர்களுக்குத் தனி விலக்குகள் உண்டு. செமி ஆட்டோமேட்டிக் வகைகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

மிச்சம் இருக்கும் வழி களிமண் தட்டுதான். பேர்தான் களிமண். உண்மையில் கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து செய்வது. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் இந்த விளையாட்டில்தான் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய அணியோடு தங்கம் வென்றார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். ஆர்வம் இருப்பவர்கள் துப்பாக்கி விலையை விசாரிப்பதற்கு முன்னால், அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் ஒன்றில் உறுப்பினராவது நல்லது. முதலில் கிளப் துப்பாக்கியில், லேசான தோட்டாவோடு சுட்டுப் பாருங்கள். உங்கள் தோள் எவ்வளவு தாங்கும் என்பதை விளம்பரம் சொல்லாது, தோள்தான் சொல்லும்.